ஒட்டுமுடியும் ஒட்டுப்பாலும்

என் இடது கண்ணின் மேலிமையில் 31 முடிகள் இருக்கின்றன. பெரிதாக்கிக் காட்டும் முகக் கண்ணாடி ஒன்று என்னிடம் இருப்பதால் இதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. வலது கண்ணில் 80ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். பொதுவாக மேலிமையில் 90 முதல் 150 வரையும், கீழிமையில் 75ஐ ஒட்டியும் முடிகள் இருக்கும். நான் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள். இந்த எண்களெல்லாம் மனப்பாடம்.

இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி கொட்டியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு கண்ணில் மட்டும் கொட்டியதால், பார்க்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று படும். என்ன என்று சட்டெனப் பிடிபடாது. "ராத்திரி தூங்கலியா?" என்பார்கள். "ஒரு கண்ணு சின்னதா இருக்கோ?" என்பார்கள். கண்ணின் அளவு ஒன்றுதான். ஓரத்தில் கறுப்புக் கோடு இல்லாத கண், பாதி மூடியது மாதிரித் தெரிகிறது.

முடிக்குக் காரணம் இமை. ஒன்பது வயதிலிருந்து எனக்கு பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை விளிம்பின் அழற்சி. காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், விளிம்பில் தவிடு மாதிரிச் செதில் இருக்கும். நம் இமையின் ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ஹென்ரிக் மெய்போமின் பெயரால் மெய்போமியன் சுரப்பிகள் என்கிறோம். அவை விடும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் கண்ணீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. அந்த வாய்கள் அடைபட்டால் கண் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த கண் எரியும். எரிகிற கண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தண்ணீரை ஊற்றும். ஆக, வறண்ட கண்ணிலிருந்துதான் ஓயாமல் தண்ணீர் வடியும். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் நடக்கிறது.

எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அழுவதை அங்கே கரைவது என்போம். "எதுக்குட்டி கரையுத?" என்ற கேள்வியைக் கேட்காத நாள் என் பிள்ளைப் பிராயத்தில் இருந்ததாக நினைவில்லை. டீச்சர், பஸ் கண்டக்டர், கடைக்கார அண்ணன் எல்லாரும் கேட்டார்கள். நான் கரையவில்லை என்று சொல்லும்போதும் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். யாராவது நம்புவார்களா?

இமைமயிருக்கு எங்கள் வீட்டில் கண்பீலி என்று பெயர். மலையாளத்திலிருந்து வந்த சொல். மயிலிறகுக்கும் பீலிதான். இடது கண்ணில் பீலி உதிர ஆரம்பித்தபோது எனக்குப் பதினான்கு வயது. அழற்சி பல வருஷம் நீடித்தால் முடியின் வேர்ப்பை பழுதாகிவிடும், பிறகு முளைக்காது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான். ஒட்டுமுடி யாருக்கு உண்மையிலேயே தேவை? முடி இல்லாதவருக்கு. முடி ஏன் இல்லை? கண் சீக்குப்பட்டதால். சீக்குப்பட்ட கண் ஒட்டுமுடியைத் தாங்குமா?

*

2018இல் அக்காவுக்குக் கல்யாணம். மார்த்தாண்டத்தில் மண்டபம். மணப்பெண்ணுக்கு மேக்கப் போட வந்த பார்லர் அக்கா, மணப்பெண்ணின் தங்கையையும் பிடித்து உட்கார வைத்தார். என் இடது கண்ணைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, "இது வச்சா ரெண்டும் ஒண்ணுபோல ஆயிரும் மோளே" என்றார். அவ்வளவு நயமாக அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பசைக் குழாயின் மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. அப்பாவின் சட்டை வாசனை.

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. பசும்பால் இல்லை, ரப்பர் பால். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரத்தில் கட்டிய சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழும் பாலைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள். பாலாகவே விற்க வேண்டுமென்றால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அந்த அம்மோனியாதான் நான் சொன்ன வாசனை. சிரட்டையிலும் வெட்டுக்காயத்திலும் தானாகவே உறைந்து ஒட்டியிருப்பதை ஒட்டுப்பால் என்போம். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதை இழுத்து உருட்டிப் பந்து பண்ணுவோம்.

மேக்கப் முடிந்து கண்ணாடியைப் பார்த்தேன். பதினாலு வயசுக்குப் பிறகு முதல்முறையாக என் இரண்டு கண்களும் ஒன்றுபோல இருந்தன. மொத்தம் பத்து நிமிஷம்தான் பார்த்திருப்பேன். அதற்குள் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் இரண்டு இமையும் பணியாரம் மாதிரி வீங்கி, கண்ணிலிருந்து ஆறாக ஓடியது. முடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு மேடையில் நின்றேன்.

கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் கரைந்துகொண்டிருக்கிறேன். "அக்காளுக்க மேல பிள்ளைக்கு என்ன ஒரு பாசம்!" என்று பெரியம்மை இன்றைக்கும் சொல்கிறாள். அக்கா மட்டும் உண்மை தெரிந்து சிரிப்பாள்.

*

நாகர்கோவிலில் நான் பார்த்த கண் மருத்துவர் முதலில் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

"பலூன் ஊதினா உதடு அரிக்குமா?"

"சின்ன வயசுல இருந்தே, டாக்டர்."

"வாழைப்பழம் சாப்பிட்டா தொண்டை?"

"மட்டிப்பழம் தின்னு வளர்ந்தவ டாக்டர் நான். ஒண்ணும் செய்யாது."

"அதுவரைக்கும் நல்லது."

ரப்பர் பாலில் இருக்கும் சில புரதங்கள்தான் ஒவ்வாமைக்குக் காரணம். அவற்றைப் போன்ற புரதங்கள் வாழைப்பழத்திலும் அவகாடோவிலும் கிவியிலும் உண்டு, அதனால்தான் அந்தக் கேள்வி. டயர் மாதிரி உலர்ந்த ரப்பரில் செய்த பொருள்கள் அநேகமாகத் தொந்தரவு தருவதில்லை. பாலிலேயே முக்கி எடுக்கும் பலூன், கையுறை போன்றவைதான் வில்லன்கள். ஒட்டுமுடிப் பசைகளில் பலவும் இந்தப் பாலில்தான் செய்யப்படுகின்றன. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "ரப்பர் பால்ல வளந்த பிள்ளைக்கு ரப்பர் பால் ஆவாதாம்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுச் சிரித்தார். என் பள்ளிக்கூட ஃபீஸ், யூனிஃபார்ம், காலேஜ் ஹாஸ்டல் எல்லாம் அந்தப் பாலில் வந்தவை. சிரிப்பு முடிந்ததும் அவர் சட்டையைக் கழற்றி வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் குளித்து மாற்றிய பிறகுதான் பக்கத்தில் வருவார். அது தேவையில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

*

ஒட்டுமுடியின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. செயற்கை இமைமுடிக்கு 1911இலேயே அன்னா டெய்லர் என்ற கனடாக்காரப் பெண் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆனால் அதைப் பிரபலமாக்கியது சினிமா. 1916இல் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'இன்டாலரன்ஸ்' என்ற மௌனப் படத்தில், பாபிலோன் பகுதியில் நடித்த சீனா ஓவனுக்கு இமை கன்னத்தைத் தொடுகிற அளவு நீளமாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். விக் செய்பவர் மனித முடியை மெல்லிய வலைத்துணியில் கோத்துப் பசையால் ஒட்டினார். ஒருநாள் சீனா ஓவன் கிட்டத்தட்டக் கண் மூடிப்போகும் அளவு இமை வீங்கி செட்டுக்கு வந்ததாக, அதே படத்தில் இருந்த லில்லியன் கிஷ் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார்.

ஆக, ஒட்டுமுடி புகழ்பெற்ற அதே இடத்தில் வீங்கிய கண்ணும் இருந்திருக்கிறது. எனக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு அக்கா!

எங்கள் பக்கம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் திருவிழாவில் கதகளி நடக்கும். கதகளி ஆட்டக்காரர்கள் சுண்டப்பூவின் உள்ளேயிருக்கும் சின்னஞ்சிறு பிஞ்சை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உருட்டி, கீழிமைக்குள் வைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளை விழி முழுக்கச் சிவந்துவிடும். பச்சை வேஷத்துக்கு நடுவே அந்தச் சிவப்பு விழி உருளும்போது பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அங்கே சிவந்த கண் ஒரு கலை. எனக்குப் பிறவியிலிருந்து இலவசமாகக் கிடைத்ததை அவர்கள் பூ வைத்து வரவழைக்கிறார்கள். பொம்பளைப் பிள்ளையின் முகத்தில் அதே சிவப்பு இருந்தால் அழுகை, தூக்கமின்மை, இல்லையென்றால் 'மெட்ராஸ் ஐ' என்று மூன்று அர்த்தம்தான்.

*

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஏன் ஒட்டுமுடி வேண்டியிருந்தது?

சென்னையில் நீட் மாணவர்களுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். நேர் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனுக்கு என் கண் தெரியாது. கேமராவில் எல்லாருமே முதல் பெஞ்சு. மேலே விளக்கு வேறு. முதல் மாதமே சாட்டில் ஒரு பையன், "மிஸ், உங்க ஒரு கண்ணு தூங்குது" என்று எழுதினான். கெட்ட பையன் இல்லை. பார்த்ததைச் சொன்னான். ஆனால் அன்றைக்கு நான் நடத்திய சிறுநீரகம் யார் மண்டையிலும் ஏறவில்லை, நாற்பது பேரும் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதைவிட, கவனிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய ஆசை. இரண்டு பக்கமும் முடி இருந்தால் யாரும் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், நெஃப்ரானைப் பார்ப்பார்கள்.

சிநேகிதி ஒருத்தி, "நீ இருக்கிறபடியே இருடி, எதுக்கு இந்தச் சமூகத்துக்காக ஒட்டிக்கிற?" என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். ஆனால் அவளுக்கு இரண்டு இமையிலும் பீலி அடர்ந்து கிடக்கிறது. இருக்கிறபடியே இருப்பது அவளுக்குச் செலவில்லாத காரியம். பல் விழுந்தவர் பல்செட் வைத்தால் யாரும் சமூகத்தை இழுப்பதில்லை. முடி விஷயத்தில் மட்டும், அதுவும் பெண்ணின் முடி விஷயத்தில், ஒட்டினாலும் ஒரு பேச்சு, ஒட்டாவிட்டாலும் ஒரு பேச்சு.

அம்மையின் எதிர்ப்பு வேறு வகை. "உள்ள கண்ணும் போயிரும் மக்ளே" என்று ஒற்றை வரி. அதற்குப் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால் திரும்ப மருத்துவரிடமே போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எதை ஒட்டுறீங்க, எங்க ஒட்டுறீங்க, எவ்வளவு நேரம் வைக்கிறீங்க. இந்த மூணுக்கும் பதில் இருந்தா செய்யுங்க" என்றார்.

அந்த மூன்று கேள்விக்கும் விடை கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. என்னைப் போன்ற கண்ணுள்ளவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்லர்களில் வைக்கும் எக்ஸ்டென்ஷன் எனக்கு ஒத்துவராது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. அதில் இருக்கிற ஒவ்வொரு முடியின் மேலும் ஒரு செயற்கை முடியை ஒட்டுவார்கள். பசை சயனோஅக்ரிலேட் வகை, நாம் ஃபெவிக்விக் என்று வாங்குவதன் நெருங்கிய சொந்தம். 1942இல் போர்க்காலத்தில் துப்பாக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் குறிக்கண்ணாடி தேடியபோது ஹாரி கூவர் தற்செயலாகக் கண்டுபிடித்தது. அது வாரக்கணக்கில் நிற்கும். நிற்பதுதான் பிரச்சினை. நடுராத்திரி அரித்தால் நானே எடுக்க முடியாது. மேலும் என்னிடம் இருப்பது 31 முடி, அதன் தலையில் பாரம் ஏற்ற மனசு வரவில்லை. காந்த முடி என்று ஒன்று வருகிறது. அதற்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த மையை இமை ஓரத்தில் கெட்டியாகத் தீட்ட வேண்டும். ஏற்கெனவே அடைபட்டிருக்கும் எண்ணெய் வாய்களின் பக்கத்திலேயே இன்னொரு பூச்சு! அதையும் விட்டேன்.

மிச்சம் இருந்தது பட்டை முடி. ரப்பர் பால் கலக்காத பசை வாங்கினேன். 'லேட்டக்ஸ் ஃப்ரீ' என்று முன்னால் எழுதியிருப்பதோடு நிற்காமல் பின்னால் இருக்கும் சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும். அதற்கும் ஒவ்வாமை வரலாம் என்பதால் முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் ஒரு பொட்டு வைத்து ஏழு நாள் பார்த்தேன். கறுப்புப் பசை வேண்டாமென்று நிறமில்லாததை எடுத்தேன், சேர்மானம் குறையக் குறைய சந்தேகமும் குறையும். முடியின் அடிப்பட்டை பிளாஸ்டிக் நரம்பாக இருந்தால் குத்தும், பருத்தி நூலாக இருக்க வேண்டும்.

நீளத்துக்கு ஒரு விஞ்ஞானம் கிடைத்தது. 2015இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் இமைமுடியை அளந்தார்கள். முடியின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் இருக்கும்போது கண்ணை நோக்கி வரும் காற்றும் தூசியும் குறைகின்றன, ஈரமும் தங்குகிறது. அதைவிட நீண்டால் முடியே காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது. ஸ்கேலை வைத்து அளந்தேன். என் கண் 29 மில்லிமீட்டர். ஆக, 9 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள முடியை நான் வாங்குவதில்லை. விசிறி மாதிரி நீண்டவை வறண்ட கண்ணை மேலும் வறட்டும்.

பட்டையை மூன்றாக வெட்டி, இடது கண்ணில் இரண்டு துண்டு, வலது கண்ணில் வெளி ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு. பசை தடவியவுடன் ஒட்டுவதில்லை. அரை நிமிஷம் விட்டால் ஆவியெல்லாம் போய்ப் பிசுபிசுப்பு வரும். இமை விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே, தோலில்தான் ஒட்ட வேண்டும். உள் ஓரம் சுரப்பிகளின் இடம், அங்கே போகவே கூடாது. ஒன்றரை மணிநேர வகுப்பு முடிந்ததும் கழற்றிவிடுவேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் தானாக இளகும், வெளி ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கலாம். இழுத்தால் 31 முப்பதாகும். முடியைக் கழுவி, காய வைத்து, டப்பாவில் போட்டு மூடுவேன். யாருக்கும் இரவல் கொடுக்கிறதில்லை.

இமை சிவந்திருக்கும் நாளில் எதுவும் கிடையாது. இது மருத்துவரும் நானும் போட்ட ஒப்பந்தம். வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை கண்ணுக்கு.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா என் பையிலிருந்த முடிப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். பின்னால் 'மேட் இன் இந்தோனேசியா' என்று இருந்தது. ஜாவாவில் புர்பலிங்கா என்ற ஊரில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு முடியாக நூலில் முடிச்சுப் போடுவார்கள் என்று சொன்னேன். பெட்டியைத் திறந்து ஒரு பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு அவுங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். கூலிக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பிறகு பசைக் குழாயை எடுத்தார். ரப்பர் இல்லாதது என்றேன். விலையைக் கேட்டார். சாதாரணப் பசையைவிட இரண்டு மடங்கு என்றேன்.

"ரப்பர் உள்ளதுக்கு விலை குறைவு, இல்லாததுக்கு விலை கூடுதலா?" என்றார். "அப்ப நாங்க வெட்டாம இருந்தா கூடுதல் தருவினுமா?"

2011இல் கிலோ 240 ரூபாய் வரை போன ஷீட் ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் பல தோட்டங்களில் வெட்டே நடக்கவில்லை. நான் காலேஜில் இருந்த வருஷங்களும் அவைதான். அப்பா எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் சிரித்தபோது அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவருக்கு இமை அழற்சி எதுவும் கிடையாது.

*

கடந்த மாதம் மனிதக் கண் பாடம் வந்தது. அன்று காலை இமை இரண்டும் சிவந்து கிடந்தன. ஒப்பந்தப்படி வெறும் இமையோடு கேமராவைப் போட்டேன். கார்னியா, ஐரிஸ், லென்ஸ் என்று வரிசையாகப் போய் இமைக்கு வந்தேன். மெய்போமியன் சுரப்பியைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் மைக்கை ஆன் பண்ணி, தயங்கித் தயங்கி, "மிஸ், உங்க கண்ணுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.

கேமரா பக்கம் குனிந்து இடது இமையை விரலால் லேசாகத் தூக்கிக் காட்டினேன். "இந்த வாய்கள் அடைச்சுக்கிட்டா இப்படித்தான் இருக்கும். பேரு பிளெஃபரைட்டிஸ்."

"வலிக்குமா மிஸ்?"

"எரியும்."

கொஞ்ச நேரம் சாட்டில் எதுவும் வரவில்லை. பிறகு வழக்கமாக ஒருவன் கேட்கும் கேள்வி வந்தது: "மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?"

வராது என்றேன். ஆனாலும் நிறையப் பேர் எழுதிக்கொண்டார்கள்.